5040: வகுப்பதும் அடுக்குவதும்

பிளேட்டோ தம் கடைசிக் காலத்தில் எழுதிய ‘சட்டங்கள்’ நூலில் மூன்று முதியவர்கள் கிரீட் தீவில் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். நோசஸ் நகரிலிருந்து ஜீயஸின் குகைக்குப் போகிற வழி. மூவரில் கிளைனியஸ் உள்ளூர்க்காரர். புதிதாக ஒரு குடியேற்ற நகரை அமைக்கும் பொறுப்பில் அவருக்கும் பங்கு உண்டு. மெகில்லஸ் ஸ்பார்ட்டாவிலிருந்து வந்தவர். மூன்றாமவர் பேர் சொல்லப்படாத ஏதென்ஸ்காரர். அதிகம் பேசுவது அவர்தான். நிலம் பெற்றுக் குடியிருக்கும் குடும்பங்கள் அந்த நகரில் எத்தனை இருக்கலாம் என்ற கேள்வி ஐந்தாம் பகுதியில் எழுகிறது. சுமார் ஐயாயிரம் என்று சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். ஏதென்ஸ்காரர் 5040 என்கிறார். அது கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

காரணத்தையும் அவரே சொல்கிறார். இந்த எண்ணுக்குத் தன்னை விட்டுவிட்டு எண்ணினால் 59 காரணிகள். 1 முதல் 10 வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும். போர், அமைதி, ஒப்பந்தம், வரி, பங்கீடு என்று எந்தக் காரியத்துக்காக மக்களை எத்தனை பிரிவாகப் பிரித்தாலும் ஒரு குடும்பம் தனியே மிஞ்சி நிற்காது. சட்டம் இயற்றுகிறவனுக்கு எண்களைப் பற்றி இந்த அளவாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

கணக்கைச் சரிபார்ப்பது எளிது. 5040 = 2⁴ × 3² × 5 × 7. இதன் காரணி ஒன்றை உருவாக்க 2ஐ ஒரு முறைகூடச் சேர்க்காமல் விடலாம், அல்லது நான்கு முறை வரை சேர்க்கலாம்; ஆக ஐந்து வழி. 3க்கு மூன்று வழி. 5க்கும் 7க்கும் இரண்டிரண்டு. 5 × 3 × 2 × 2 = 60. அதில் 5040 என்ற எண்ணையே விட்டுவிட்டால் 59. பிளேட்டோவின் கணக்கு சரிதான்.

ஆனால் 1 முதல் 10 வரை வகுபட வேண்டும் என்பது மட்டுமே தேவையென்றால் 2520 போதுமே? அந்தத் தகுதி உடைய மிகச் சிறிய எண் அதுதான். அதை ஏன் இரண்டால் பெருக்க வேண்டும்? ஐயாயிரம் பேர் கொண்ட நகரம்தான் தன்னைக் காத்துக்கொள்ளும் என்று பிளேட்டோ நினைத்திருக்கலாம். ஆறாம் பகுதியைப் படிக்கும்போது எனக்கு வேறொரு காரணமும் தென்படுகிறது. நகரத்தைப் பன்னிரண்டு குலங்களாகப் பிரிக்கிறார். ஒரு குலத்துக்கு 420 குடும்பம். ஒவ்வொரு குலத்தையும் மறுபடி பன்னிரண்டாகப் பிரிக்க முடிய வேண்டும் என்கிறார். 420ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 35. ஆண்டின் மாதங்களோடும் வானத்தின் சுழற்சியோடும் நகரத்தின் பிரிவுகள் பொருந்த வேண்டும் என்பது அவர் ஆசை. 2520ஐ இப்படி இருமுறை பன்னிரண்டால் வகுக்கப் போனால் பதினேழரையில் வந்து நிற்கும். அரைக் குடும்பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அதே இடத்தில் 5040இன் ஒரே குறையையும் அவர் ஒப்புக்கொள்கிறார். 12 வரையுள்ள எண்களில் 11ஆல் மட்டும் அது வகுபடாது. அதற்கும் வைத்தியம் உண்டு: இரண்டு குடும்பத்தைத் தள்ளிவைத்தால் 5038, அது 11 × 458. இதை விளக்க இப்போது நேரமில்லை, நம்பிக்கொள்ளுங்கள் என்ற தோரணையில் பேச்சு நகர்ந்துவிடுகிறது. தள்ளிவைக்கப்படும் அந்த இரண்டு குடும்பம் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை.

அரிஸ்டாட்டில் கேட்டார், வேறு கோணத்தில். ‘அரசியல்’ நூலின் இரண்டாம் பகுதியில், உழைக்காமல் உண்ணும் ஐயாயிரம் பேரையும் அவர்களுடைய பெண்களையும் ஏவலாட்களையும் தாங்க பாபிலோன் அளவுக்கு நிலப்பரப்பு வேண்டியிருக்குமே என்று குத்திக்காட்டுகிறார். நிலத்துண்டுகளின் எண்ணிக்கையைக் கட்டிப்போட்டுவிட்டுப் பிள்ளைப் பேற்றைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் மிஞ்சுகிற பிள்ளைகள் ஏழைகளாவார்கள் என்பது அவருடைய அடுத்த அடி. பிளேட்டோவிடம் இதற்கு ஏற்பாடுகள் இருந்தன: நிலம் ஒரு மகனுக்கே, மற்ற ஆண்பிள்ளைகள் பிள்ளையில்லாத வீடுகளுக்குத் தத்து, அதற்கும் மிஞ்சினால் வேறு ஊரில் குடியேற்றம். எண் மாறாமலிருக்க மனிதர்களை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வழக்கில் நான் அரிஸ்டாட்டில் பக்கம்.

பிளேட்டோ 5040ஐத் தேர்ந்தெடுத்தது வகுப்பதற்காக. அதே எண் பொருள்களை அடுக்கிப் பார்ப்பவர்களுக்கும் கிடைத்தது, முற்றிலும் வேறு வழியில். 1 × 2 × 3 × 4 × 5 × 6 × 7 = 5040. இதை 7! என்று எழுதி, ஏழின் தொடர்பெருக்கம் என்கிறோம். ஏழு வேறுவேறு பொருள்களை ஒரு வரிசையில் நிறுத்த இத்தனை வழிகள் உண்டு.

ஏழு என்றதும் ஸ்வரம் நினைவுக்கு வராமல் போகாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரியை ஆண்ட யாதவ அரசன் சிங்கணனின் ஆதரவில் இருந்தவர் சார்ங்கதேவர். அவருடைய ‘சங்கீத ரத்னாகரம்’ ஏழு ஸ்வரங்களும் ஒவ்வொரு முறை மட்டும் வரும்படியான வரிசைகளை எண்ணி 5040 என்கிறது. அதற்கு மேலும் போகிறது. இந்த 5040ஐயும் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் அடுக்கும் முறைக்குப் பிரஸ்தாரம் என்று பெயர். அப்படி அடுக்கிய பட்டியலில் இத்தனையாவது வரிசை எது என்று கண்டுபிடிப்பது நஷ்டம். ஒரு வரிசையைக் கொடுத்தால் அது எத்தனையாவது என்று சொல்வது உத்திஷ்டம். இரண்டுக்கும் கண்டமேரு என்ற கட்டம் உதவும். பட்டியல் முழுவதையும் எழுதிப் பார்க்க வேண்டியதில்லை.

ஸ, ரி, க என்ற மூன்று ஸ்வரத்துக்கு அந்த ஒழுங்கு இப்படி: ஸரிக, ரிஸக, ஸகரி, கஸரி, ரிகஸ, கரிஸ. கடைசி இடத்தைக் கவனித்தால் சூட்சுமம் புரியும். முதல் இரண்டு வரிசையில் கடைசியில் க; அடுத்த இரண்டில் ரி; பிறகு ஸ. ஏழு ஸ்வரத்திலும் இதே கதைதான். முதல் 720 வரிசை நியில் முடியும், அடுத்த 720 தவில், அப்படியே கீழிறங்கும்.

ஆயிரமாவது வரிசை எது? ஒன்றைக் கழித்து 999ஐ எடுத்துக்கொள்வோம். அதை 720, 120, 24, 6, 2, 1 என்ற எண்களால் உடைக்க வேண்டும். 720 ஒரு முறை, மீதி 279. 120 இரு முறை, மீதி 39. 24 ஒரு முறை, மீதி 15. 6 இரு முறை, மீதி 3. 2 ஒரு முறை, 1 ஒரு முறை. கிடைத்தவை 1, 2, 1, 2, 1, 1. இனி கடைசி இடத்திலிருந்து நிரப்பிக்கொண்டு வரலாம். மேலிருந்து ஒன்றைத் தாண்டு: நியைத் தாண்டினால் த. மிஞ்சியதில் இரண்டைத் தாண்டு: நி, ப போக, ம. ஒன்றைத் தாண்டினால் ப. இரண்டைத் தாண்டினால் ரி. ஒன்றைத் தாண்டினால் க. இன்னும் ஒன்று, ஸ. மிச்சம் நி. ஆயிரமாவது வரிசை: நி ஸ க ரி ப ம த. பாடிப் பார்த்தால் இனிமையாக இருக்குமா என்பது வேறு விஷயம். 1 முதல் 5040 வரை எந்த எண்ணுக்கும் இப்படி ஒரே ஒரு வரிசைதான் வரும். இடமதிப்பாகப் பத்தின் அடுக்குகளுக்குப் பதிலாக 1, 2, 6, 24, 120, 720 என்று வைத்துக்கொண்ட ஒரு எண்முறை இது. கணினி அறிவியல் மாணவர்கள் இன்றும் இதைப் பயில்கிறார்கள், பெரும்பாலும் சார்ங்கதேவர் பேரைக் கேள்விப்படாமலே.

இங்கிலாந்தின் தேவாலய மணிக்கூண்டுகளில் பதினேழாம் நூற்றாண்டில் இதே 5040 ஓர் உடல் உழைப்பாக மாறியது. அங்கே பெரிய மணிகளைச் சக்கரத்தில் பொருத்தி, கயிற்றை இழுத்து முழு வட்டமாகச் சுழலவிடுவார்கள். ஒரு மணிக்கு ஓர் ஆள். ராகம் வாசிக்க முடியாது. ஏழு மணிகளை ஏதாவதொரு வரிசையில் ஒருமுறை அடிக்கலாம், பிறகு வேறொரு வரிசையில் அடிக்கலாம், அவ்வளவுதான். அடித்த வரிசையை மறுபடி அடிக்காமல் எல்லா வரிசைகளையும் முடிக்க முடியுமா என்பதே சவால். நூற்றுக்கணக்கான கிலோ கனமுள்ள மணியின் வேகத்தைக் கொஞ்சம்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும். அதனால் ஒரு வரிசையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எந்த மணியும் ஓர் இடத்துக்கு மேல் நகரக் கூடாது. சார்ங்கதேவரின் பட்டியல் இங்கே உதவாது. அதில் ரிஸகவுக்கு அடுத்து ஸகரி. முதலில் நின்ற ரி ஒரே பாய்ச்சலில் மூன்றாம் இடத்துக்குப் போகிறது. மூன்று மணிகளை வைத்துக்கொண்டு 123, 213, 231, 321, 312, 132, மறுபடி 123 என்று அடிப்பதுதான் மணியடிப்பவர்களின் வழி.

ஏழு மணிகளுக்கு இப்படிப்பட்ட முழுச் சுற்று மூன்று மணி நேரம் பிடிக்கும். நாரிச் நகரின் புனித பீட்டர் மேன்கிராஃப்ட் தேவாலயத்தில் 1715 மே 2 அன்று 5040 வரிசைகளையும் அடித்து முடித்ததை முறையான முதல் முழுச்சுற்றாக மணியடிப்பவர்கள் கொண்டாடுகிறார்கள். கையில் காகிதம் கிடையாது, எல்லாம் மனப்பாடம். எட்டு மணிக்குப் போனால் 40320 வரிசை. 1963 ஜூலையில் லஃப்பரோவிலிருந்த மணி வார்ப்பாலையில் எட்டுப் பேர் அதையும் அடித்து முடித்தார்கள், ஏறத்தாழ 18 மணி நேரம், ஆள் மாறாமல். அதை இனி யார் செய்யப் போகிறார்கள்? இன்றும் ‘பீல்’ என்று பேர் பெற ஏழு மணியானால் 5040 வரிசை, எட்டும் அதற்கு மேலுமானால் குறைந்தது 5000 என்பதுதான் விதி.

இதில் கணிதர்களை இழுத்துப் பிடித்த சிக்கல் ‘கிராண்ட்சயர் டிரிபிள்ஸ்’ என்ற அடிமுறையில் எழுந்தது. அதில் 14 வரிசை சேர்ந்தது ஒரு ‘லீட்’. எதையும் மாற்றாமல் அடித்துக்கொண்டு போனால் ஐந்து லீடில், அதாவது 70 வரிசையில், தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். 5040இல் 4970 பாக்கி. அதனால் நடத்துநர் அவ்வப்போது ‘பாப்’ என்று குரல் கொடுப்பார். உடனே குறிப்பிட்ட சில மணிகள் பாதை மாறி இன்னொரு வளையத்துக்குள் நுழையும். வெறும் ‘பாப்’ அழைப்புகளைக் கொண்டே 5040ஐயும் முடிக்க முடியுமா? ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் முயன்றார்கள். ஜான் ஹோல்ட் 1751இல் புகழ்பெற்ற ஓர் அமைப்பைக் கண்டுபிடித்தார். அதில் ‘சிங்கிள்’ என்ற வேறு வகை அழைப்பும் தேவைப்பட்டது.

முடியாது என்று 1886இல் டபிள்யூ. எச். தாம்சன் நிறுவினார். வாதம் அழகானது, நீளமில்லாதது. ‘பாப்’ எதுவும் இல்லாவிட்டால் 5040 வரிசைகளும் 70 வரிசை கொண்ட 72 தனித்தனி வளையங்களாகக் கிடக்கும். அவற்றை ஒரே வளையமாக்க வேண்டும். எந்த வரிசையும் இருமுறை வராமலும் விடுபடாமலும் இருக்க வேண்டுமென்றால் ‘பாப்’களைத் தனியாக வைக்க முடியாது, ஐந்தைந்தாகத்தான் வைக்க முடியும். ஐந்து இணைப்புகளை ஒருசேரப் பிரித்து, வட்டமாக ஒரு படி தள்ளி மறுபடி இணைப்பதற்கு அது சமம். ஒற்றைப்படை எண்ணிக்கையில் இணைப்புகளை இப்படி மாற்றினால் வளையங்களின் எண்ணிக்கை இரண்டு, நான்கு என்று இரட்டையாகத்தான் கூடும் அல்லது குறையும், இல்லையேல் மாறாதிருக்கும். 72இல் தொடங்கினால் 70, 68 என்று 2 வரை இறங்கலாம். 1க்கு வரவே முடியாது.

தாம்சனின் வாதத்தை 1948இல் பொதுத் தேற்றமாக விரித்தவர் ராபர்ட் ராங்கின். ‘ஸ்டெட்மன் டிரிபிள்ஸ்’ என்ற வேறோர் அடிமுறையில் இந்தத் தடை கிடையாது. வெறும் ‘பாப்’களால் ஆன 5040 அதற்கு உண்டா என்பது வெகுகாலம் தெரியாமலிருந்து, 1990களின் நடுவில் உண்டு என்று தெரியவந்தது. ராங்கினை நமக்கு வேறொரு காரணத்துக்காகத் தெரிந்திருக்க வேண்டும். கணிதப் பேராசிரியர் வாட்சன் இறந்த பிறகு அவர் வீட்டுக் காகிதக் குவியலிலிருந்து மீட்கப்பட்ட ராமானுஜனின் கையெழுத்துத் தாள்களை, பின்னாளில் ‘தொலைந்த நோட்டுப் புத்தகம்’ என்று பேர் பெற்றவற்றை, 1968 டிசம்பரில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவைத்தவர் அவர்தான்.

ராமானுஜனுக்கும் 5040க்கும் உள்ள தொடர்பு ஒன்றல்ல. முதலாவது சிறியது. 5040உடன் ஒன்றைக் கூட்டினால் 5041. அது 71இன் வர்க்கம். இதேபோல 4! + 1 = 25, 5இன் வர்க்கம். 5! + 1 = 121, 11இன் வர்க்கம். 6! + 1 = 721; அது வர்க்கமில்லை. 4, 5, 7 தவிர வேறு எந்த எண்ணுக்காவது இப்படி நேருமா என்று பிரெஞ்சுக்காரர் ஆன்றி புரோக்கார் 1876இல் கேட்டார். அவர் கேட்டது தெரியாமலே ராமானுஜனும் 1913இல், கப்பல் ஏறுவதற்கு முந்தைய ஆண்டில், இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்கு ஒரு கேள்வியாக இதை வைத்தார். 2000இல் வெளியான ஒரு கட்டுரை நூறு கோடி வரை தேடிப் பார்த்து வேறெதுவும் இல்லையென்றது. இல்லவே இல்லை என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை. கேள்வி எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் புரியும், அதுதான் எரிச்சல்.

இதே வகையில் ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். 7 × 8 × 9 × 10 = 5040. எனவே 6! × 7! = 10!. இரண்டு தொடர்பெருக்கங்களைப் பெருக்கி மூன்றாவது ஒன்றைப் பெறும் மலிவான வழிகள் உண்டு; 24 என்பது 4! ஆதலால் 4! × 23! = 24!. அந்த மாதிரியை விட்டுவிட்டால் 10! ஒன்றுதான் தெரிந்த உதாரணம். இதன் உபவிளைவு நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது: நான்கு இலக்கமும் வேறுவேறாக இருக்கும் ஏடிஎம் ரகசிய எண்கள் மொத்தப் பத்தாயிரத்தில் சரியாக 5040.

இரண்டாவது தொடர்பு பெரியது. 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் ஏட்டில் ராமானுஜன் அறுபது பக்கத்துக்கு மேல் நீளும் ஒரு கட்டுரை வெளியிட்டார். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்கள்தான் பொருள். அவற்றை மிகுபகு எண்கள் என்று வைத்துக்கொள்வோம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று தொடங்கும் அந்த வரிசையில் 5040 பத்தொன்பதாவது. அதற்கு முன்னால் நிற்பது 2520, 48 காரணிகளோடு. அடுத்து நிற்பது 7560, 64 காரணிகளோடு. பிளேட்டோ தம் நகரத்துக்கு 5040க்குக் குறைவாக எந்த எண்ணைத் தேர்ந்திருந்தாலும் 60 வகையாக வகுத்திருக்க முடியாது. அவர் இதை எப்படிக் கண்டார் என்பதற்குச் சுவடு இல்லை. 2300 ஆண்டு கழித்து அந்த எண்களுக்கு இலக்கணம் எழுதியவர் கும்பகோணத்தில் வளர்ந்தவர்.

அந்தக் கட்டுரையில் ராமானுஜன் 6.7 லட்சம் கோடி வரையுள்ள மிகுபகு எண்களைக் கையால் கணக்கிட்டு அட்டவணையாகக் கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் சரிபார்த்தபோது 293318625600 என்ற ஒரே ஒரு எண் விடுபட்டிருந்தது. அந்த ஆய்வுக்காக 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வுவழிப் பட்டம் கொடுத்தது.

மிகுபகு எண்ணின் பகாக் காரணிகள் ஓர் ஒழுங்கில்தான் இருக்கும்: 2, 3, 5, 7 என்று இடைவெளியில்லாமல் வர வேண்டும், அவற்றின் அடுக்குகள் ஏறக் கூடாது, கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 4, 36 என்ற இரண்டு விதிவிலக்கு தவிர எப்போதும் 1. 5040இன் அடுக்குகள் 4, 2, 1, 1. கச்சிதம். இனி 7! என்பதால்தான் 5040க்கு இத்தனை காரணிகளா என்று கேட்டால், 1!, 2!, 3!, 4!, 5!, 6!, 7! ஏழுமே மிகுபகு எண்கள் என்பதைப் பார்க்கிறவர்கள் ஆமென்றுதான் சொல்வார்கள். 8! வந்ததும் அந்த நம்பிக்கை உடைகிறது. 40320 = 2⁷ × 3² × 5 × 7; காரணிகள் 96. அதிலிருந்து 2⁴ஐ, அதாவது 16ஐ, எடுத்துவிட்டு அந்த இடத்தில் 11ஐ வையுங்கள். எண் 27720 ஆகச் சுருங்குகிறது. காரணிகள் அதே 96. 8!இல் இரண்டுகள் தேவைக்கு மேல் குவிந்துகிடக்கின்றன, புதிய பகா எண் வந்து சேரவில்லை. 9!, 10! எல்லாம் இன்னும் மோசம். மிகுபகு எண்ணாக இருக்கும் கடைசித் தொடர்பெருக்கம் 5040.

ஆக, வகுப்பவர்களின் 5040உம் அடுக்குபவர்களின் 5040உம் ஒரே எண்ணாக அமைந்தது சிறிய எண்களின் உலகத்தில் மட்டும் நடக்கும் தற்செயல். சிறிய எண்கள் குறைவு, வேலைகள் அதிகம். அதனால் ஒரே எண் பல வேலைக்கு அகப்படுகிறது. ஏழு ஸ்வரம், ஏழு மணி, பிளேட்டோவின் நகரம் எல்லாவற்றையும் ஒரே மறைபொருளில் கட்டிப்போடும் புத்தகங்கள் இருக்கின்றன. நான் அவற்றை நம்புவதில்லை. ஆனால் 5040இல் தற்செயல் அல்லாத ஒன்றும் இருக்கிறது. அது இருபதாம் நூற்றாண்டில்தான் வெளிப்பட்டது.

காரணிகளை எண்ணுவதை விட்டுவிட்டு அவற்றைக் கூட்டுவோம். 5040இன் எல்லாக் காரணிகளின் கூடுதல் 31 × 13 × 6 × 8 = 19344. 5040ஆல் வகுத்தால் 3.838. இந்த விகிதத்தைக் காரணிச் செழிப்பு எனலாம். பகா எண்களுக்கு அது 1ஐ ஒட்டியே இருக்கும். 5040 போன்றவற்றுக்கு உயர்ந்திருக்கும். எவ்வளவுதான் உயரும்? எல்லையில்லாமல் உயரும், ஆனால் மிக மெதுவாக. ஸ்வீடன்காரரான கிரோன்வால் 1913இல் அந்த வேகத்தைக் கண்டுபிடித்தார். எண்ணின் இயல்மடக்கையை எடுங்கள், அதற்கு மறுபடி இயல்மடக்கை எடுங்கள், வந்ததை 1.78107ஆல் பெருக்குங்கள், எண்கள் பெரிதாகப் பெரிதாக, மிகச் செழிப்பான எண்கள்கூட ஏறத்தாழ இந்த உயரத்தில்தான் போய் முட்டும். 5040க்குப் போட்டுப் பார்க்கலாம். இயல்மடக்கை 8.525, அதன் இயல்மடக்கை 2.143; பெருக்கினால் 3.817. உண்மையான செழிப்பு 3.838. 5040 இந்த உயரக் கோட்டைத் தாண்டி நிற்கிறது, மயிரிழையில்.

இதன் இருமடங்கான 10080க்குச் செழிப்பு 3.9, கோடு 3.956, உள்ளே அடங்கிவிட்டது. 55440க்குச் செழிப்பு 4.187, கோடு 4.258, அதுவும் உள்ளே. பிரெஞ்சுக் கணிதர் கீ ரோபின் 1984இல் நிறுவிய தேற்றம் இதுதான்: 5040ஐவிடப் பெரிய ஒவ்வொரு எண்ணும் இந்தக் கோட்டுக்குக் கீழே அடங்கும் என்பது உண்மையானால் ரீமான் கருதுகோள் உண்மை; ரீமான் கருதுகோள் உண்மையானால் அவை எல்லாம் அடங்கும். பகா எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைப் பற்றி 1859இல் ரீமான் எழுப்பிய அந்தக் கேள்வி கணிதத்தின் ஆகப்பெரிய தீராத கேள்வி. கலப்பெண்களும் முடிவிலாத் தொடர்களும் இல்லாமல் பேசவே முடியாதென்று தோன்றும் ஒன்று, காரணிகளைக் கூட்டிப் பார்க்கும் பள்ளிக் கணக்காக இறங்கிவிட்டது. அதன் எல்லைக்கல்லில் 5040 என்று எழுதியிருக்கிறது.

2 முதல் எண்ணினால் கோட்டைத் தாண்டும் எண்கள் தெரிந்தவரை 27தான். 12, 24, 60, 360 அந்தப் பட்டியலில் உண்டு. கடிகாரத்துக்கும் வட்டத்துக்கும் பழங்கால மக்கள் தேர்ந்துவைத்த எண்கள். கடைசி மூன்று 840, 2520, 5040. இங்கே 5040 நிற்பதற்கு அது 7! என்பது காரணமில்லை. லியோனிடாஸ் அலாவோக்லுவும் பால் எர்டிஷும் 1944இல் ஆராய்ந்த ஒரு வகை எண்கள் உண்டு: 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440 என்று போகும். தம் அளவுக்கு உச்சபட்சச் செழிப்பு உடையவை இவை. 24உம் 720உம் தொடர்பெருக்கங்களாக இருந்தும் இதில் இடம்பெறவில்லை. கோட்டை மீறுவது யாரென்று பார்க்க இந்த வகையைக் கவனித்தால் போதும். அதில் கடைசியாக மீறிய எண் 5040. அடுத்த 55440 அடங்கிப்போனது.

இங்கே ராமானுஜன் மறுபடி வருகிறார். 1915இல் அச்சானது முழுக் கட்டுரை அல்ல. போர்க்காலத்தில் லண்டன் கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி. அச்சுச் செலவைக் குறைக்க ஒரு பகுதியை நிறுத்திவைத்தார்கள். அதன் பெரும்பகுதி, தொலைந்த நோட்டுப் புத்தகத்தோடு சேர்த்து 1988இல் வெளியான தொகுப்பில் வெளிச்சத்துக்கு வந்தது. ராமானுஜனின் கையெழுத்துப் படிகளை ஆராய்ந்து எழுதிய ராங்கின் அந்தப் பக்கங்களைப் பற்றியும் எழுதினார். 1997இல் ஜான்-லூயி நிக்கோலாவும் ரோபினும் அதைக் குறிப்புகளோடு பதிப்பித்தார்கள். காரணிகளின் கூடுதலையும் உள்ளடக்கிய பொதுவான செயற்பாடு ஒன்றை அதில் ராமானுஜன் ஆராய்ந்திருந்தார். ரீமான் கருதுகோளை உண்மையென்று எடுத்துக்கொண்டு அவர் அடைந்த மதிப்பீட்டிலிருந்து, போதிய அளவு பெரிய எண்களெல்லாம் கோட்டுக்குக் கீழேதான் என்பது வந்துவிடுகிறது. ரோபினின் தேற்றத்தில் ஒரு பாதி எழுபது ஆண்டுக்கு முன்பே கையெழுத்தில் இருந்தது. ‘போதிய அளவு’ என்பது துல்லியமாக 5040 என்று காட்டியதும், மறுதிசையை நிறுவியதும் ரோபினின் சாதனை. அச்சுக்கூலி மிச்சம் பிடித்தது கணிதத்துக்குக் கொஞ்சம் செலவு வைத்துவிட்டது.

எண் எண்ணாகச் சோதிக்க முடியாதென்றாலும், செழிப்பான எண்களை மட்டும் தேடி வெகுதூரம் போயிருக்கிறார்கள். கீத் பிரிக்ஸ் 2006இல் ஆயிரம் கோடி இலக்கம் கொண்ட எண்கள் வரை பார்த்தார்; மீறல் எதுவும் அகப்படவில்லை. 9ஐவிடப் பெரிய ஒற்றைப்படை எண் எதுவும் மீறாது என்பது 2007இல் நிறுவப்பட்டது. மீறும் எண் 5040க்கு அப்பால் இருந்தால் அது ஏதாவதொரு பகா எண்ணின் ஐந்தாம் அடுக்கால் வகுபட்டாக வேண்டும் என்பதும் அதே கட்டுரையில் வந்த முடிவு. அந்த ஐந்து பிறகு ஏழாகி, பதினொன்றாகி, இருபதையும் எட்டியிருக்கிறது. மீறும் எண்களில் ஆகச் சிறியது எப்படியிருந்தாலும் செழிப்பில் தனக்கு முந்தைய எல்லா எண்களையும் வென்றதாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட எண்ணில் அடுக்குகள் 2இல் தொடங்கிக் கீழிறங்குமே தவிர ஏறாது. ஆகவே அந்த எண்ணை 2ஆல் குறைந்தது இருபது முறை மீதியில்லாமல் வகுக்க முடிய வேண்டும். 5040 நான்கு முறைதான் தாங்கும்.